படகுக்குப் போட்ட பிட்னி

மாகறல் ஏரிக்கரையில் இரண்டு படகுகளை லாரியிலிருந்து இறக்கியபோது வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்துவிட்டது. வர வேண்டிய பழனி மட்டும் வரவில்லை. பாய்மரப் படகில் ஓட்டுபவன் ஒருவன் போதாது. காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது மறுபக்கம் உட்கார்ந்து கனம் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அதற்கென்றே சொல்லி வைத்திருந்த பழனி, காலையில் வயிற்றுவலி என்று ஆள் அனுப்பிவிட்டான். தண்ணீரைக் கண்டால் அவனுக்கு எப்போதுமே வயிறு வலிக்கும். புதுப் படகைச் செய்து, அதை ஓட்டவும் இருந்த யேசுதாஸ் கரையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அவன் பார்வை பட்டவர்கள் எல்லாம் ஓர் அடி பின்னால் போனார்கள். அவனிடம் வேலை பார்க்கும் எல்லம்மாள்தான் முன்னால் வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நான் ஏறிக்கிறேன்ணா" என்றாள்.

என்ன தைரியம் என்று ஊர் வாய் பிளந்தது. தைரியமாவது ஒன்றாவது, அவள் முன்வந்ததே பயத்தில்தான். அந்தப் படகின் அடிமுதுகில் யேசுதாஸுக்குத் தெரியாமல் அவள் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். அது தாங்குமா, விட்டுப்போகுமா என்று கரையில் நின்று கைபிசைந்துகொண்டிருக்க அவளால் ஆகாது. முழுகினால் கூடவே முழுகிவிடுவது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

யேசுதாஸ் அவள் ஊர்க்காரன்தான். பட்டணத்தில் பத்து வருஷம் ஃபைபர் வேலை பார்த்துவிட்டு வந்து, காஞ்சிபுரத்தில் வாலாஜாபாத் சாலையில் ஒரு கொட்டகை போட்டிருந்தான். கண்ணாடி நூலில் நெய்த துணியை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்கிற பசையை உருளையால் ஏற்றி, அடுக்கின்மேல் அடுக்காக வைத்தால் காய்ந்து கல்லாகிவிடும். தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டுமாகப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. இந்த எழுபத்து நாலாம் வருஷம் பட்டணத்துப் படகு கிளப் ஒன்று ஆறு பாய்மரப் படகுகள் செய்ய ஆள் தேடியது. முதல் படகு பிடித்துப்போனால் மீதி ஐந்தும் இவனுக்கு. பிடிக்காவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். எல்லம்மாள் பழையபடி பிள்ளையார்பாளையத்தில் யாருடைய தறியிலாவது கூலிக்கு உட்கார வேண்டியதுதான். தறிமேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நேற்றுவரை உலகத்தில் இல்லாத ஒரு பொருள் தன் கை வழியாக உருவாவதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் இருந்தது, அந்த ருசியைக் கண்ட பிறகு திரும்பிப் போக மனசு வரவில்லை.

புதுப் படகோடு போட்டி போட்டு ஓட்டிப் பார்க்க, கிளப்பின் செயலாளர் ஆதிகேசவன் தன் சொந்தப் படகையும் கூட ஏற ஒரு கிளப் பையனையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சீமையிலிருந்து கப்பலில் வந்த பழைய ஃபைபர் படகு. அதன் ஓடு சுண்டுவிரல் தடிமன் இருந்தது. யேசுதாஸின் படகில் ரூபாய்க் காசு இரண்டை அடுக்கி வைத்த தடிமன்தான். அவர் முதலில் தன் படகைத் தட்டினார். அம்மிக்கல்லைத் தட்டினதுபோல் சத்தமே எழவில்லை. பிறகு புதியதைத் தட்டினார். அது கணீரென்றது. அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

"பதிமூணு வருஷமா இவ எத்தனை பாறையில ஏறியிருக்கா தெரியுமாப்பா? ஒண்ணும் ஆகல. அப்போ ஃபைபர் எவ்வளவு தாங்கும்னு செஞ்சவனுக்கே தெரியாது. பயந்து செஞ்சான், அதனால கெட்டியா செஞ்சான். இப்போ காகிதத்துல கணக்குப் போட்டு மெலிசாக்கிட்டானுங்க."

"கனம் கொறஞ்சாதான் சார் ஓடும்."

"ஓடும். முழுகறதுக்கும் ரொம்ப நேரம் எடுத்துக்காது."

எல்லம்மாள் இதற்குள் பழைய படகின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டாள். ஓரத்தில் தேய்ந்த இடத்தில் அடுக்கு தெரிந்தது. துணி கொஞ்சம், பசை நிறைய. நல்ல படகுதான், பழுதே சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தடிமனில் பாதி வெறும் பசை. பாவுக்குக் கஞ்சியை அள்ளிப் போட்டால் விறைப்பாக நிற்கும், மடித்தால் முறியும் என்பது தெருவில் பாவு தோய்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. இவள் தன் படகில் பசையை வழித்து வழித்து எடுத்திருந்தாள். மெலிசாக இருப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் இணைப்பைப் பற்றித்தான்.

படகை இடது பாதி, வலது பாதி என்று இரண்டு அச்சில் செய்து நடுவில் சேர்க்க வேண்டும். இரண்டு விளிம்பையும் நேராக வெட்டி, முட்ட வைத்து, உள்ளே மூன்று பட்டைத் துணியை ஒட்டு என்று கிளப் கொடுத்த படத்தில் இருந்தது. அவளுக்கு அதைப் பார்த்ததும் பகீரென்றது. சேலையின் உடல் ஒரு நிறம், முந்தானை ஒரு நிறம் என்றால் அங்கே பிட்னி போடுவார்கள். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைக் கோத்துவிடுவார்கள். சேலை கிழிந்தாலும் அந்த இடம் விடாது. ஒரு சேலைக்கே இந்தப் பாடு என்றால், மனுஷன் உட்கார்ந்து போகிற படகை வெட்டி ஒட்டுவதா? யேசுதாஸ் ரெசின் வாங்கப் பட்டணம் போன அன்று, விளிம்பில் பசை ஏறாத துணியை வெட்டாமல் ஒரு சாண் விட்டு, குறுக்கே ஓடும் ஊடையை உருவியெடுத்து, திரித் திரியாக நின்ற கண்ணாடி இழைகளை இடதும் வலதுமாகக் கோத்து, பிறகு மிச்சமிருந்த ரெசினை வைத்தாள். மேலே படத்தில் சொன்ன மூன்று பட்டையையும் ஒட்டிவிட்டாள். மூன்று நாள் கையெல்லாம் அரித்தது. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது.

காற்று வந்தது. பாய் படாரென்று விரிந்ததும் படகு ஒரு பக்கம் எழும்ப, எல்லம்மாள் விளிம்பில் பின்னுக்குச் சாய்ந்து தொங்கினாள். முதுகுக்குக் கீழே தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. அவள் வாழ்நாளில் வாலாஜாபாத் ரயிலைவிட வேகமான எதிலும் ஏறியதில்லை. இது ரயிலைவிட வேகமில்லைதான், ஆனால் இதில் புகையும் இல்லை, சத்தமும் இல்லை, காற்று ஒன்றுதான். பாதத்துக்கு அடியில் படகின் ஓடு ஒவ்வோர் அலைக்கும் லேசாக அமுங்கி எழுந்தது. முதலில் உயிர் போனது. நாலு அலை தாண்டியதும் அது வளைந்து கொடுக்கிறது, உடையவில்லை என்று புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆதிகேசவனின் படகு பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது.

"மதகாண்ட திரும்பிடலாம், கெட்டியா புடிச்சிக்கினு இரு" என்றான் யேசுதாஸ். அவனுக்கும் குஷி தலைக்கேறியிருந்தது. மதகை ஒட்டித் திரும்பினால் இன்னும் பத்து கஜம் மிச்சம் என்று கணக்குப் போட்டான். பழைய மதகின் உடைந்த கல்தூண் ஒன்று தண்ணீருக்கு ஒரு முழம் கீழே நிற்பது அவன் கணக்கில் வரவில்லை.

இடி இடித்ததுபோல் இருந்தது. படகு நின்று, மேலே எழும்பி, பக்கவாட்டில் சரிந்து, கவிழாமல் தண்ணீரில் விழுந்தது. அடிபட்டது நடு முதுகில், சரியாக இணைப்பை ஒட்டி. எல்லம்மாள் குப்புற விழுந்தபடியே உள்ளங்கையை அங்கே வைத்து அழுத்திக்கொண்டாள். படகுக்குள் கணுக்கால் ஆழம் தண்ணீர் நின்றது. அலையில் தெறித்து விழுந்ததா, அடியில் ஊறி வருகிறதா என்று தெரியவில்லை. சொம்பை எடுத்து மொண்டு மொண்டு ஊற்றினாள். யேசுதாஸ் கரையைப் பார்த்து ஓட்டினான். பாதி ஏரி கடப்பதற்குள் படகின் தரை தெரிந்தது. மறுபடி தண்ணீர் ஏறுகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏறவில்லை.

கரையில் இரண்டு பனந்துண்டுகளைப் போட்டுப் படகைக் கவிழ்த்து ஏற்றினார்கள். அடிமுதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போய் ஒரு காயம். கண்ணாடி இழை உடைந்தால் வெளுத்துவிடும். உடையாத இழை வெளிச்சத்தை விடும். ஆதிகேசவன் பின்னாலேயே வந்து சேர்ந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்கு அடியில் தவழ்ந்து போனார். குறை மறைந்துவிடும் என்று அவர்தான் பெயின்ட் அடிக்க விடவில்லை. உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"யேசுதாஸ், இங்க வாப்பா. நடுவுல இது என்ன?"

யேசுதாஸ் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு விழித்தான். "தெரியல சார்."

"உன் படகுல என்ன இருக்குன்னு உனக்கே தெரியாதா?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவளை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. எல்லம்மாள் குனிந்து உள்ளே போனாள். "நான்தான் சார். பிட்னி போட்டேன். சேலைக்குப் போடுவோமே, அது. படத்துல இல்ல. அண்ணனுக்கும் தெரியாது."

யேசுதாஸ் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.  ஆதிகேசவன் ஈர மணலில் மல்லாந்து படுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். உச்சி வெயில் மெல்லிய ஓட்டின் வழியாக இறங்கி, உள்ளே எல்லாம் தேன் நிறமாக இருந்தது. ஊடும் பாவும் தனித்தனியாகத் தெரிந்தன. நடுவில் அவள் கோத்த வரிசை நெடுக ஓடியது. கல் மோதிய இடத்திலிருந்து வெள்ளைக் கீற்றுகள் கிளம்பி அந்த வரிசையை நோக்கி வந்திருந்தன.

"இந்த வெள்ளை உன் பிட்னிக்குள்ள போயிருக்குதாம்மா, வெளியிலயே நின்னுடுச்சா?"

அவளும் இன்னும் பார்க்கவில்லை. பக்கத்தில் மல்லாந்து படுத்தாள். வெளுத்த பக்கத்திலிருந்து ஆரம்பித்து பிட்னியின் முதல் இழையில் நகத்தை வைத்தாள். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. யேசுதாஸ் மூச்சு விடுகிற சத்தம் காதருகில் கேட்டது. மூன்றாவது இழைக்கு நகத்தை நகர்த்தினாள். அதன் வழியாக வெயில் இறங்கி அவள் நகத்தின்மேல் விழுந்தது.