சண்டைக்காரி வளர்த்த ஃபைட்டர்

வடமதுரைக்காரர்கள் லிடியாவுக்கு வைத்த பெயர் சண்டைக்காரி. புகுந்த வீட்டில், ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட இதைச் சொன்னவர்கள்தான் அதிகம். இரண்டு வருடம் கூட்டுக் குடும்பத்தில் இருந்துவிட்டு, புருஷன் ஸ்டீபன்ராஜையும் இரண்டு பெட்டியையும் கிளப்பிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. பார்லர் வேலை தெரிந்த பானுப்ரியாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பியூட்டி பார்லர் வைத்தாள். ஒன்பது வருடத்தில் அந்த இருவரும் ஒரு நாளாவது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் ஊர் கொடுத்த பெயர் எந்த ஃபேஷியலுக்கும் போகாது.

அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தவள் ஸ்டீபன்ராஜின் அக்கா டெய்சி. அவள் மகள் ஜெஸ்ஸிக்கு ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டுபோகும்போது மாமன் பெண்டாட்டிதான் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்கு முன்னால் நடக்க வேண்டும். டெய்சியோ தம்பிக்குப் போன் போட்டு, "நீ மட்டும் தட்டெடுத்துட்டு வா அப்பு. அவ பொண்ணுக்கு மேக்கப் போட்டுட்டுப் பின்னால வரட்டும். நாலு பேரு கூடுற எடத்துல அவ ஒத்துப்போக மாட்டா" என்று சொல்லிவிட்டாள். மேக்கப்புக்கு லிடியா வேண்டும், மரியாதைக்கு வேண்டாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. லிடியா எல்லாவற்றையும் கேட்டாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள்தான் அவள் பேகம்பூர்ப் பக்கம் இருக்கும் ராயப்பராஜின் மீன் கடைக்குப் போனாள். பார்லரில் நாலடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் கூட்டமாகத் திரியும் இருபது குட்டி டெட்ரா மீன்கள், செடிகள், அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டே திரியும் ஆறு கோரி மீன்கள். டெட்ராவுக்குத் தீனி வாங்கப் போனவள் கண்ணில், ஊறுகாய் பாட்டில் அளவுத் தண்ணீரில் நின்ற ஒரு நீல ஃபைட்டர் மீன் பட்டது. திரும்பினால் வால் கண்ணாடியில் இடித்தது.

"அண்ணே, இதைத் தொட்டியில விட்டா என்ன?"

"தங்கச்சி, பேரே ஃபைட்டர். இது யாரோடயும் ஒத்துப்போகாது. தனியாப் போட்டாத்தான் இருக்கும்" என்றார் ராயப்பராஜ்.

அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் லிடியா தீனியோடு திரும்பியிருப்பாள். "ஒத்துப்போகும். நான் காட்டுறேன். பாட்டில எடுங்க" என்றாள். ராயப்பராஜ் வியாபாரிதான், ஆனால் மீன் மேல் பாசம் உள்ளவர். வாரம் ஒருமுறை வந்து பார்ப்பேன், மீனுக்குக் கேடு வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லித்தான் கொடுத்தார்.

லிடியா எல்லாம் முறைப்படிதான் செய்தாள். ஃபில்டரின் வேகத்தைக் குறைத்தாள். செடிகளை நெருக்கி நட்டு ஒளிய இடம் செய்தாள். மீனைப் பாட்டிலோடு மிதக்கவிட்டு, தண்ணீர் பழகிய பிறகு திறந்துவிட்டாள். அது தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டெட்ராக் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் வழியே போனது. லிடியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐப்ரோ போட்டுக்கொள்ள வந்தவர்களுக்கெல்லாம் நூலை வாயில் கடித்தபடியே மீனைக் காட்டினாள்.

பத்து நாளில் வால் கிழிந்தது. முந்தானை முள்ளில் மாட்டியதைப் போல ஓரமெல்லாம் நார்நாராகத் தொங்கியது.

"டெட்ராதான் கடிக்குது" என்றார் ராயப்பராஜ், சொட்டு மருந்தைக் கையில் கொடுத்து. "எடுத்துரலாம்க்கா, வாரவங்க பாத்து மொகம் சுளிக்காங்க" என்றாள் பானுப்ரியா. லிடியா மத்தியானச் சாப்பாட்டைத் தொட்டி முன்னால் வைத்துக்கொண்டு காவல் இருந்தாள். ஒரு டெட்ராவும் அதன் பக்கம் போகவில்லை. ஆனாலும் வால் நாளுக்கு நாள் குறைந்தது. கண்ணால் பார்த்ததைச் சொன்னால் கேட்பார் யார்?

அதற்குள் சாம்பல் புதன் வந்தது. ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம், மாதா கோயிலில் கல்யாணம் கிடையாது. பார்லருக்கு வரும் மணப்பெண்களில் முக்கால்வாசி கோயிலைச் சேர்ந்தவர்கள்தான். அதனால் மணப்பெண் நாற்காலிக்கு நாற்பது நாள் ஓய்வு. சுற்றிலும் பல்பு வைத்து, தரையிலிருந்து ஆளுயரத்துக்கு நிற்கும் மணப்பெண் கண்ணாடியை லிடியா ஒவ்வொரு வருடமும் ஊதாச் சேலை போட்டு மூடிவிடுவாள். தவக்காலம் முடியும் பெரிய வாரத்தில் கோயிலில் சுரூபச் சிலைகளை மூடுவார்களே, அந்தப் பழக்கம்தான். அவள் கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பிப்பாள்.

"கண்ணாடிக்கும் ஒருசந்தி விரதமாக்கா?" என்று வழக்கம்போல் கேலி செய்தாள் பானுப்ரியா. அவள் கும்பிடும் மாரியம்மனுக்கு இப்படிக் கண்ணாடி மூடும் வழக்கமெல்லாம் இல்லை.

அந்த நாற்பது நாளில் மீன் தேறியது. கிழிந்த ஓரத்தில் நிறமில்லாத புது ஜவ்வு விட்டு, அதில் நீலம் ஏறி, குருத்தோலை ஞாயிறுக்குள் வால் பழைய அளவுக்கு வந்துவிட்டது. தன் மருந்துதான் என்றார் ராயப்பராஜ். தன் ஜெபம்தான் என்று லிடியா நினைத்தாள். யார் செய்தால் என்ன, மீன் பிழைத்ததே என்று பானுப்ரியா ஒரு டப்பா கேசரி செய்துகொண்டு வந்தாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை லிடியா சேலையை எடுத்துத் துவைக்கப் போட்டாள். வியாழனுக்குள் வால் மறுபடி பாதியாகிவிட்டது.

பார்க்க வேண்டாதவர்கள் அன்றைக்கென்று வந்து நின்றார்கள். டெய்சி மகளை அழைத்துக்கொண்டு ட்ரையல் மேக்கப்புக்கு வந்திருந்தாள். ஜெஸ்ஸி உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தபோது டெய்சி தொட்டி முன்னால் நின்று மோவாயைத் தடவினாள்.

"இது என்ன, பிஞ்ச துடைப்பம் மாதிரி?"

"ஃபைட்டர், மதினி."

"ஓ, சண்டை மீனா? நல்ல எடத்துல கொண்டாந்து விட்டாலும் அதுக்குக் குணம் போகுமா? வளக்குறவ மாதிரித்தானே இருக்கும்."

பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் லிடியா பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். இப்போது சீப்பில் சிக்கிய முடியை எடுக்கத் தொடங்கினாள். பட்ட காலிலேயே படும் என்பார்கள். அதே நேரம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ராயப்பராஜும் வந்தார், கையில் வலையும் பாட்டிலுமாக. பானுப்ரியாதான் மீனுக்குப் பாவம் பார்த்துப் போன் செய்திருந்தாள்.

"போதும் தங்கச்சி. பேச்சு மாறக் கூடாது. நான் எடுத்துட்டுப் போறேன்."

"செத்த நேரம் பொறுங்கண்ணே" என்றாள் லிடியா. எதற்குப் பொறுக்கச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெஸ்ஸி வந்து மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். பானுப்ரியா கண்ணாடி பல்புகளைப் போட்டாள்.

தொட்டியில் ஃபைட்டர் வெடித்து எழுந்தது. செவுள் இரண்டும் விரிய, உடம்பை வளைத்து, தொட்டியின் பக்கக் கண்ணாடியில் போய் முட்டியது. லிடியா குனிந்தாள். டெட்ராக் கூட்டம் மறுகோடியில் இருந்தது. கோரிகள் அடியில் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு மீனும் இல்லை. பிறகு இது யாரை முறைக்கிறது? அதன் மூக்கு நீட்டிய திசையில் பார்த்தாள். தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி, பல்பு வெளிச்சத்தில், மணப்பெண் கண்ணாடிக்குள் இன்னொரு நீல ஃபைட்டர் செவுளை விரித்து நின்றது. எட்டிப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் இந்த மீன் சட்டென்று திரும்பித் தன் வாலைத் தானே கவ்வி உதறியது.

"அண்ணே, பாத்தீங்களா! அதுவே கடிக்குது! நான் காவல் இருந்தப்போ பல்பு எரியல, அதான் தெரியல!"

ராயப்பராஜ் வாயைப் பிளந்தார். லிடியா கொடிக்கு ஓடி ஊதாச் சேலையை உருவி வந்து கண்ணாடியின் மேல் வீசினாள். ஃபைட்டர் அங்குமிங்கும் தேடியது. செவுள் மெதுவாக மடிந்தது. டெட்ராக் கூட்டம் அதன் மூக்குக்கு முன்னாலேயே கடந்து போக, அது ஒதுங்கி வழிவிட்டது. லிடியா சேலையை விலக்கினாள், முட்டியது. மூடினாள், அடங்கியது. மூன்று தடவை செய்து காட்டினாள்.

"நாப்பது நாள் கண்ணாடியை மூடியிருந்தேன். நாப்பது நாளும் நல்லா இருந்துச்சு. இவன் இந்தத் தொட்டியில ஒருத்தரையும் ஒரு கடி கடிச்சதில்ல. நாமதான் எதிரியைக் கொண்டாந்து எதிர்ல நிறுத்திட்டு, இவனைச் சண்டைக்காரன்னுட்டோம்!" லிடியாவின் குரல் தெருவுக்கே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

ராயப்பராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவுல அட்டை வச்சு விக்கிறவன் நான். ஒன்னை ஒன்னு பாத்தா ஆகாதுன்னு எனக்குத் தெரியும். இம்புட்டுப் பெரிய கண்ணாடி என் கண்ணுல படலையே! மீனு உன்னோடதுதான் தங்கச்சி."

ஜெஸ்ஸி நாற்காலியில் இருந்தபடியே கைதட்டினாள். டெய்சி தொட்டியையே பார்த்தாள். ட்ரையல் முடிந்து போகும்போதும் தொட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள்.

அன்று சாயங்காலமே லிடியாவும் பானுப்ரியாவும் சேர்ந்து மணப்பெண் நாற்காலியையும் கண்ணாடியையும் பின்னறைக்கு மாற்றினார்கள்.

ஒரு மாதம் கழித்து, கல்யாணத்தன்று காலையில், வடமதுரைச் சனம் ஒரு வேன் நிறைய பார்லரில் வந்து இறங்கியது. உள்ளே லிடியா ஜெஸ்ஸிக்குத் தலையில் முக்காடு குத்திக்கொண்டிருந்தாள். வெளியே தொட்டி முன்னால் கூட்டம். ஃபைட்டர் வாலை முழுசாக விரித்துக்கொண்டு டெட்ராக்களுக்கு நடுவே மாப்பிள்ளைக் கணக்காகப் போய்க்கொண்டிருந்தது.

"சண்டை மீனை எப்படிடீ மத்ததோட விட்டீங்க?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"அது ஒத்துப்போற மீனுதான் பெரியம்மா. ஊருக்குத்தான் தெரியல. எங்க லிடியா கண்டுபிடிச்சா" என்றது டெய்சியின் குரல். கையில் ஊசிப் பின்னோடு லிடியா அப்படியே நின்றுவிட்டாள். எங்க லிடியா.

டெய்சி உள்ளே வந்தாள். மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தம்பி கொண்டுவந்த சீரில், பட்டுச் சேலையும் பூவும் பழமும் அடுக்கிய தட்டை லிடியாவின் முன் நீட்டினாள். "தம்பி வாசல்ல நிக்கான். மொதத் தட்டை நீதான் தூக்கணும். நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

லிடியாவுக்கு அழுகை வந்தது. மற்றவர் கண்ணுக்கு மை தீட்டியவள் தன் மையைக் கரைத்துக்கொண்டாள். பானுப்ரியா அவசரமாகத் துடைத்துவிட்டாள்.

மண்டபத்தில் மேளம் தொடங்கியது. ஸ்டீபன்ராஜ் பக்கத்தில் வர, தட்டை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லிடியா முன்னால் நடந்தாள். வடமதுரைச் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது.