மாசப் பொறப்புலேர்ந்து பன்னெண்டு நாள்

மணவாளனுக்கு எதையும் நோட்டுல எழுதி வெச்சாத்தான் சோறு எறங்கும். செம்மங்குப்பத்துல ஒரு கெமிக்கல் கம்பெனியில இருபத்தாறு வருஷமா பாய்லர் ஆபரேட்டர். மணிக்கு ஒரு தடவ சூடு எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, தண்ணி மட்டம் எவ்வளவுன்னு எழுதி எழுதி, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துருச்சு. அதுக்காக ஒரு மனுஷன் பொண்டாட்டிக்கு லாக் புக் போடுவானா? போட்டான். 2009 மார்ச்லேர்ந்து ஒரு நூறு பக்க நோட்டு, கோடு போட்டு, தேதி போட்டு. "காலை 7.10: வேர்வை, நாலு நிமிஷம். மதியம்: தெரியாது, ஸ்கூல். மாலை 6.00: வேர்வை, திட்டு, ரெண்டும்."

அவன் பொண்டாட்டி மலர்க்கொடி கடலூர்ல தமிழ் டீச்சர். நாப்பத்தெட்டு வயசு. மாசாமாசம் வர்றது நின்னு எட்டு மாசம் ஆச்சு. நின்னது நின்னுட்டுப் போகட்டும், அதுக்குப் பதிலா வந்து ஒக்காந்துச்சு பாருங்க ஒண்ணு. திடீர்னு நெஞ்சுல கிளம்பி காது மடல் வரைக்கும் சூடு ஏறும். ரவிக்கை முதுகு தொப்பலா நனையும். அஞ்சு நிமிஷத்துல குளிரும். தூக்கம் போச்சு. ஒரு நாள் ஒம்பதாம் வகுப்புல, இருபத்திரெண்டு வருஷமா நடத்துற செய்யுள், மூணாவது வரி வாயில வரல. புள்ளைங்க எல்லாம் நிமிந்து பாத்துக்கிட்டு இருக்கு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பக்கூடக் கழட்டாம நாற்காலியில ஒக்காந்து அழுதா.

அழுகை ஒரு நாள், திட்டு மத்த எல்லா நாளும். சாப்புடும்போது சத்தம் வந்தா திட்டு, சத்தமே இல்லாம சாப்புட்டா "என்னா, சோறு புடிக்கலயா"ன்னு திட்டு. மணவாளனும் சும்மா வாங்கிக்கற ஆளு இல்ல, ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பிக் குடுப்பான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வீடு அப்படித்தான். செம்மண்டலத்துல அந்தத் தெருவுக்கே அது பழகுன விஷயம். ஆனா இது வேற அளவு. ஃபேனு அஞ்சுல, ஜன்னல் பூரா தெறந்து, போர்வை ஒரு மூலையில. அவளுக்குத் தூக்கம் இல்லன்னா அவனுக்கும் இல்ல. ஃபர்ஸ்ட் ஷிப்ட்ல பாய்லர் முன்னாடி நின்னுக்கிட்டே கண்ணு சொக்குச்சு. "ஐயோ பாவம், அவ படற பாடு"ன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு அவள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். உள்ளுக்குள்ள இருந்த காரணம் வேற. அது அவனுக்கு மட்டும் தெரியும்னு நெனச்சான்.

டாக்டரு சிதம்பரத்துல. கடலூர்ல இல்லாத டாக்டரான்னு கேப்பீங்க. கடலூர்ல எந்த லேடி டாக்டரு வீட்டு பெஞ்சுல போய் ஒக்காந்தாலும், பக்கத்துல இவ கிட்ட படிக்கற புள்ளையோட அம்மா ஒக்காந்திருக்கும். "டீச்சர், ஒங்களுக்கு என்னா ஒடம்புக்கு?" அந்த வம்பே வேணாம்னு பஸ் ஏறுனாங்க.

டாக்டர் அனுப்பிரியா சின்ன வயசுப் பொண்ணு. டெல்லியில பொறந்து வளந்தது. தமிழை அம்மா வாங்கிக் குடுத்த புஸ்தகத்துல படிச்சுக் கத்துக்கிட்டுது. அதனால எழுத்துல இருக்கற மாதிரியே பேசும். மலர்க்கொடிக்கு அங்கயே பாதி வியாதி போயிருச்சு. "எப்படிப் பேசுது பாத்தீங்களா மாமா"ன்னு வழி பூரா அதே பேச்சு. அந்தப் பொண்ணும் பொறுமையாத்தான் பாத்துச்சு. பிரஷர், ரத்தம், மார்புக்கு ஒரு எக்ஸ்ரே, வயித்துக்கு ஒரு ஸ்கேன். எல்லாம் சரியா இருக்கவும் ஹார்மோன் மாத்திரை எழுதிச்சு, தினமும் ஒண்ணு.

ரெண்டே வாரத்துல சூடு பாதியாச்சு. ஆனா வேற தொல்லை. மாரு கல்லாக் கனத்துச்சு, காலு சாயந்தரமானா வீங்கி செருப்பு வாரு மாட்ட முடியல, தலைவலி வேற. மணவாளன் நோட்டுல புதுசா ஒரு கோடு போட்டு 'கால்'னு தலைப்பு எழுதுனான். ஜூன் கடைசி சனிக்கிழமை அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டு மறுபடி போனாங்க. டாக்டரு அத ஒரு பக்கம் விடாம படிச்சுச்சு. "இப்படி ஒரு குறிப்பு யாரும் கொண்டு வந்ததில்லை"ன்னுது. மணவாளனுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல மேனேஜர்கிட்ட கெடைக்காத பாராட்டு.

"அளவைப் பாதியாகக் குறைக்கிறேன்"ன்னு சொல்லி டாக்டரு மாத்தி எழுதிச்சு. தினமும் சாப்புடறது சின்ன மாத்திரை. கர்ப்பப்பைக்குப் பாதுகாப்பா தனியா ஒரு கேப்சூல். "மாதப் பிறப்பிலிருந்து பன்னிரண்டு நாள், படுக்கப் போகும்போது இதைச் சாப்பிடுங்கள். பதினைந்தாம் தேதி வாக்கில் மாதவிலக்கு போல வரலாம். அது எதிர்பார்த்ததுதான். வேறு தேதியில் வந்தால் மட்டும் உடனே வந்துவிடுங்கள். உள்ளே சோதித்துப் பார்க்க வேண்டும்."

ரெண்டு பேரும் தலையாட்டுனாங்க. ரெண்டு பேருக்கும் நல்லாப் புரிஞ்சுது. அதான் கோளாறே.

வெளிய வந்ததும் மலர்க்கொடி கறாராச் சொல்லிட்டா. "வேர்வைய எழுதுங்க, திட்ட எழுதுங்க, ஒங்க இஷ்டம். அந்தக் கேப்சூல எண்ணி எழுதற வேலை மட்டும் வேணாம். அது என் விஷயம்." கேப்சூல் டப்பா பீரோவுக்குள்ள போயிருச்சு. அப்புறம் அதப்பத்தி அந்த வீட்ல பேச்சே இல்ல.

ஜூலை நல்லாத்தான் போச்சு. காலு வத்துச்சு, செருப்பு வாரு மாட்டுச்சு, அவ ராத்திரி தூங்குனா, இவனும் தூங்குனான். பதினஞ்சாந்தேதி வந்துச்சு, ஒண்ணும் ஆகல. வரலாம்னுதானே டாக்டரு சொல்லிச்சு, கட்டாயம் வரும்னு சொல்லலயேன்னு இவனும் விட்டுட்டான்.

முப்பத்தொண்ணாந்தேதி ஆடி மூணாவது வெள்ளி. சாயந்தரம் வீடெல்லாம் தொடச்சுக் கோலம் போட்டாச்சு, பூவும் வாங்கியாச்சு. மலர்க்கொடி குளிச்சிட்டு வந்து, சாமி அலமாரிப் பக்கம் வராம, பின்கட்டு வாசப்படியில பரீட்சை பேப்பரோட ஒக்காந்துட்டா. "மாமா, இன்னிக்கு நீங்களே வெளக்கேத்திடுங்க."

அந்த வீட்ல அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். தீக்குச்சியோட நின்ன மணவாளன் செவுத்துல மாட்டுன பேங்க் காலண்டரப் பாத்தான். முப்பத்தொண்ணு. பதினஞ்சு இல்ல. வேற தேதி. மூணு குச்சி கிழிச்சுத்தான் வெளக்கேத்த முடிஞ்சுது.

கூட வேலை செய்யற கலியமூர்த்தி போன மாசமே சொன்னான். "மச்சான், அந்த மாத்திரை சாப்புட்டா புத்துநோய் வருமாம், பேப்பர்ல போட்டிருந்தான்." போடா வேலையப் பாத்துக்கிட்டுன்னு அப்போ வெரட்டி விட்டான். இப்போ அந்தப் பேச்சு திரும்பத் திரும்பக் காதுல கேட்டுச்சு. அவளா எதுவும் சொல்லல. சிவப்பு மையில மார்க் போட்டுக்கிட்டு இருக்கா. நாம பயந்துருவோம்னு மறைக்கறா போலன்னு நெனச்சான்.

"வெளக்கேத்தச் சொன்னா எண்ணெயத் தரை பூரா வழிய விட்டிருக்கீங்க, கண்ணு எங்க இருக்கு?"ன்னு அவ எட்டிப் பாத்துக் கத்துனா. மணவாளன் ஒரு வார்த்தை பேசல. துணிய எடுத்துத் தொடச்சான்.

சனிக்கிழமை மொட்டமாடிக்குப் போய் செல்லுல டாக்டரக் கூப்பிட்டான். முப்பத்தொண்ணாந்தேதி வந்துருச்சுன்னு சொன்னான். "திங்கட்கிழமை அழைத்து வாருங்கள். தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உள்சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம்."

"புத்துநோயா டாக்டர்?"

"பெரும்பாலும் இருக்காது. ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது."

பெரும்பாலும்ங்கற வார்த்தை அவன் காதுலயே ஏறல. இருக்காதுங்கறதும் ஏறல. பார்க்காமல் சொல்ல முடியாது, அது மட்டும்தான் நின்னுச்சு. கீழ வந்து, "திங்கக்கிழமை சும்மா பிரஷர் பாக்க வரச் சொல்றாங்க"ன்னு பொய் சொன்னான். காப்பி போட்டுக் குடுத்தான். பாத்திரம் தேச்சான். ஞாயித்துக்கிழமை மீன் கொழம்புல புளி ஜாஸ்தின்னு அவளே சொல்லிக்கிட்டா. இவன் "நல்லாத்தான் இருக்கு மலரு"ன்னான். அவ அவனையே ஒரு நிமிஷம் பாத்தா, எழுந்து போயிட்டா.

திங்கக்கிழமை பஸ்ஸுல அவளுக்கு ஜன்னல் சீட்டு. செம்மங்குப்பம் தாண்டும்போது கம்பெனிப் புகைபோக்கி தெரிஞ்சுது. மணவாளன் தலையத் திருப்பிக்கிட்டான். பாய்லர்ல சூடு ஏறுனா வால்வத் தொறக்கற மாதிரி, இவளுக்கும் ஒரு மாத்திரையில எறக்கிடலாம்னு நெனச்சோமே, நம்ம தூக்கத்துக்காக இவ உசுர வெச்சு வெளையாடிட்டோமேன்னு ஆலப்பாக்கம் வரைக்கும் மனசுக்குள்ள தன்னையே செருப்பால அடிச்சுக்கிட்டான். இவ இல்லாத வீட்டுக்குள்ள சாவி போட்டுத் தெறக்கற மாதிரி ஒரு நெனப்பு வந்துச்சு. முன்சீட்டுக் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டான்.

டாக்டரு நேரா விஷயத்துக்கு வந்துச்சு. "முப்பத்தொன்றாம் தேதி வந்ததாகச் சொன்னார். எத்தனை நாள் இருந்தது?"

மலர்க்கொடி புருஷனத் திரும்பிப் பாத்தா, அப்புறம் டாக்டர. "மூணு நாளு. நேத்தோட நின்னுருச்சு. நீங்க சொன்ன தேதிக்குத்தானே வந்துச்சு?"

"நான் பதினைந்து என்று சொன்னேன்."

"ஆமா. ஆடி பதினஞ்சு."

டாக்டரு மெதுவாக் கேட்டுச்சு. "கேப்சூலை எப்போது தொடங்கினீர்கள்?"

"மாசப் பொறப்பு அன்னிக்கு. ஆடி ஒண்ணு. வீட்ல படையல் போட்டுட்டு அன்னிக்கே ஆரம்பிச்சேன்."

டாக்டரு நெத்தியில கைய வெச்சுக்கிச்சு. "மாதப் பிறப்பு என்றால் ஒன்றாம் தேதி என்று நினைத்தேன். அதுதான் நல்ல தமிழ் என்று..."

"நல்ல தமிழ்தான் டாக்டர். இங்கிலீஷ் மாசத்துக்குப் பொறப்பு ஏது? அது ஒண்ணாந்தேதி. தமிழ் மாசத்துக்குத்தான் பொறப்பு"ன்னா மலர்க்கொடி, வகுப்புல சொல்ற அதே குரல்ல.

"ஜூலை பதினேழிலிருந்து பன்னிரண்டு நாள், இருபத்தெட்டு வரை. நிறுத்தி மூன்று நாளில் வந்திருக்கிறது. அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறது"ன்னு டாக்டரு விரல் விட்டு எண்ணிப் பாத்துச் சிரிச்சுது. "உடம்புக்கு ஆடியும் தெரியாது, ஜூலையும் தெரியாது. பன்னிரண்டு நாள் என்பதுதான் கணக்கு." இருந்தாலும் சந்தேகம் வேணாம்னு ஒரு ஸ்கேன் எடுத்துச்சு. உள்சதை மெல்லிசாத்தான் இருந்துச்சு, வேற சோதனை இப்போ தேவையில்லன்னுது. இதே அளவு தொடரட்டும், தமிழ் மாசக் கணக்குலயே சாப்புடுங்க, வருஷம் ஆனா ரத்தமே வராத மாதிரி மாத்திப் பாக்கலாம், வருஷா வருஷம் மார்புக்கு எக்ஸ்ரே கட்டாயம், எத்தன வருஷம் சாப்புடறதுங்கறத அப்பப்ப பேசி முடிவு பண்ணலாம்னு சொல்லிச்சு.

"நிறுத்திடலாம் டாக்டர்"ன்னான் மணவாளன். "எதுக்கு வம்பு? வேணாம்."

டாக்டரு அவனப் பாக்கல, மலர்க்கொடியப் பாத்துச்சு. "ஆபத்து கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு இப்போது அது குறைவு. முடிவு உங்களுடையது."

"தொடர்ந்து சாப்புடறேன்"ன்னு சொல்லிட்டு அவ சீட்ட வாங்கிப் பையில வெச்சா.

பஸ் ஸ்டாண்டுல ஒரு சிமெண்ட் பெஞ்சுல ஒக்காந்தாங்க. மணவாளனுக்கு அடக்க முடியல. "மலரு, ஒனக்காகன்னு ஊரெல்லாம் சொன்னேன். எனக்காகத்தான் ஒன்னக் கூட்டியாந்தேன். ஒன் திட்டு தாங்கல, தூக்கம் இல்ல. என் சௌகரியத்துக்கு ஒனக்கு வியாதிய வாங்கிக் குடுத்துட்டேன்னு மூணு நாளா செத்துக்கிட்டு இருந்தேன்." அம்பத்திநாலு வயசு ஆம்பள, நாலு பேரு பாக்க அழுதான்.

"அது எனக்குத் தெரியும்"ன்னா மலர்க்கொடி. "நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்துட நான் என்னா பச்சப் புள்ளையா? செய்யுளு மறந்து நின்னது நானு. எனக்கு வேணும்னுதான் வந்தேன், எனக்கு வேணும்னுதான் சாப்புடறேன்." முந்தானையால அவன் மூஞ்சியத் தொடச்சா. "ஆனா ஒண்ணு மாமா. வெள்ளிக்கிழமையிலேர்ந்து நான் என்னா சொன்னாலும் நீங்க திருப்பிப் பேசல. எண்ணெயத் தொடச்சீங்க, பாத்திரம் தேச்சீங்க. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. ஏதோ பெரிசா வந்திருக்கு, டாக்டரு ஒங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்கு, நான் பொழைக்க மாட்டேன்னு நெனச்சேன். காலையில பீரோ சாவி எங்க இருக்குன்னு ஒங்களுக்கு எழுதி வெச்சிட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

மணவாளன் அவளப் பாத்தான்.

"அறிவிருக்காடி ஒனக்கு?"ன்னான். "மாத்திரை அட்டைக்கு எவளாவது பஞ்சாங்கம் பாப்பாளா? ஆடி ஒண்ணாம், படையலாம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னா, வாத்தியாரம்மா? சாவி எழுதி வெச்சாளாம் சாவி."

பக்கத்து பெஞ்சுல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. மலர்க்கொடி அவன் கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட, "இன்னும் கொஞ்சம் திட்டுங்க மாமா"ன்னா.