மறைக்கல்வி வகுப்பில் கிருஷ்ணப்பிரியா

"மறைக்கல்வியில யார் ஃபர்ஸ்ட்?"

வட்டாரக் கல்வி அலுவலர் ஜெகதீசன் உள்ளே நுழைந்ததும் கேட்டார். ஏழாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலோரச் சிறுமியைக் கை காட்டியது.

"எழுந்திரும்மா. பேரு?"

"கிருஷ்ணப்பிரியா சார்."

ஆசிரியர் தேவராஜ் வருகைப் பதிவேட்டை அவசரமாகப் புரட்டினார். ஜூனிலிருந்து இவளைத்தானே பெனிட்டா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்?

சேக்காட்டில் இருக்கும் அந்தக் கிறிஸ்தவப் பள்ளி அரசு உதவி பெறுவது. சம்பளம் அரசாங்கத்துடையது. தினமும் முதல் மணிக்குக் கிறிஸ்தவப் பிள்ளைகள் பைபிள் பாடமான மறைக்கல்விக்கு இந்த அறை, மற்றவர்கள் நன்னெறிக்குப் பக்கத்து அறை. இந்துப் பிள்ளைகளை வற்புறுத்தி மறைக்கல்வியில் உட்கார வைக்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். அதை விசாரிக்கத்தான் ஜெகதீசன் வந்திருந்தார். அது நிஜமானால் தேவராஜின் வேலை காலி.

"சத்தியமா தெரியாது சார். இவதான் பெனிட்டான்னு நெனச்சேன். தலையை எண்ணுவேன். கணக்கு சரியாத்தான் இருக்கும்."

"முகத்தைப் பார்க்க மாட்டீங்களா?"

கணக்கு எப்படிச் சரியாக இருந்தது? ஜெகதீசனுக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. நேரே பக்கத்து அறைக்குப் போனார்.

"இங்கே பெனிட்டா யாரு?"

கடைசி பெஞ்சில் ஒரு கை தயங்கி எழுந்தது.

"நீ ஏன் இங்கே?"

"ஊட்லயும் ஜெபம், சர்ச்லயும் ஜெபம், இங்கயும் அதேவா சார்? இங்க கதை சொல்றாங்க."

"நீ ஏம்மா அங்கே போனே?" பின்னாலேயே வந்திருந்த கிருஷ்ணப்பிரியாவிடம் திரும்பினார்.

"நன்னெறில எல்லாம் தெரிஞ்சது சார். பொய் சொல்லாதே, திருடாதே. அங்க தெரியாதது சொல்றாங்க."

போன் போனதும், அம்பத்தூர் எஸ்டேட் தையல் கம்பெனியிலிருந்து கிருஷ்ணப்பிரியாவின் அம்மா விஜி ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள்.

"உங்க பொண்ணை இவர் வற்புறுத்தினாரா?"

"இவளையா? நான் சொல்லியே கேக்க மாட்டா சார். வாத்தியாரு மேல பழி போடாதீங்க."

தேவராஜ் மூச்சு விட்டார்.

"அப்படின்னா இன்னொன்னு. இந்தப் பள்ளியில மத வகுப்பு நடத்தலாம். ஆனா பெத்தவங்க சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளையும் அதுல உட்காரக் கூடாது. சட்டம். உங்களுக்குச் சம்மதமா?"

விஜி யோசித்தாள். மகள் அவள் புடவையை இழுத்தாள்.

"வாணாம் சார். சொந்தக்காரங்க ஆயிரம் பேசுவாங்க. மதம் மாறிட்டோம்னு எவனாச்சும் கெளப்பி உட்டா, நாளைக்கு இவ சாதி சர்ட்டிபிகேட்டுக்கு நான் யார் கால்ல உழுவேன்?"

"சார், அந்தச் சட்டத்துல என் சம்மதம் எங்க வருது?" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"பதினெட்டு வயசானதும்."

"அதுக்குள்ள டவுட்டு வந்தா?"

"வாயப் பாரு இதுக்கு!" விஜி அவள் தலையில் லேசாகத் தட்டினாள். "போ, உன் கிளாஸுக்குப் போ."

கிருஷ்ணப்பிரியா நன்னெறி அறைக்குப் போனாள். பெனிட்டா உம்மென்று மறைக்கல்வி அறைக்கு வந்தாள்.

"இனிமே முகத்தைப் பார்த்து எண்ணுங்க சார். வற்புறுத்தல் இல்லைன்னு முடிச்சுடறேன்." ஜெகதீசன் தேவராஜோடு பைக் வரை நடந்து, ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். கிளப்பவில்லை.

"ஆமா, அந்தப் பொண்ணு அப்படி என்னதான் கேட்பா?"

தேவராஜ் பிடரியைச் சொறிந்தார்.

"நேத்து கேட்டா சார். உலகத்தைப் படைக்கிறதுக்கு முன்னாடி கடவுளுக்கு போரடிச்சிருக்காதான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்குச் சொல்றேன்னேன். அதாவது இன்னைக்கு."

ஜெகதீசன் சாவியை உருவிக்கொண்டு பைக்கை விட்டு இறங்கினார்.