அடுத்த ஷிப்ட் பார்வைக்கு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று மறைக்கப்போவதில்லை. படப்பையில் ஒரு வாடகை வீட்டில், ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும் நோட்டில் பிறந்தது. அந்த வீட்டுக்காரன் இளம்பரிதி, ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைன் லீடர். அவன் பெண்டாட்டி ஷாரோன், எம்.பி.ஏ. படிக்கிறாள். அவனுக்கு மதிய ஷிப்ட் என்றால் ஒருவர் முழித்திருக்கும் நேரத்தில் இன்னொருவர் வீட்டில் இருப்பதில்லை. அதனால் கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது எழுதுகிற மாதிரியே எழுதிவைப்பார்கள். கேஸ் புக் பண்ணியாச்சு. மோட்டார் சத்தம் போடுது.

இளம்பரிதி யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். 'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது, அதனால் அவன் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்.

2

தொடக்கம் வரமாட்டேன் என்கிறது.

[அடித்தது: திங்கட்கிழமை காலை, கடைசி வருடத்தின் முதல் நாள், கல்லூரிப் பேருந்தில் ஏறிய ஷாரோனின் முகத்தில் சூரியன்]

சூரியனாவது மண்ணாங்கட்டியாவது. அவள் ஏறியபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நடந்தது இதுதான். முதல் நாளே வேலைவாய்ப்புப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்த ஊரில் வேலை போட்டாலும் போகச் சம்மதமா? ஆம், இல்லை. ஆம் என்றால் புனே, குருகிராம் என்று பெரிய கம்பெனிகள் கூப்பிடும். இல்லை என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதுதான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

நேற்று அவன் டீ பிரேக்கில் இருந்தபோது போன் செய்தாள்.

"இன்னா போடட்டும் பரிதி? நீ ஒரு வார்த்த சொல்லு."

"உன் படிப்பு. உனக்கு எது தோணுதோ அதப் போடு."

"நான் என் புருஷன கேட்டுகினு கீறேன். நீ ஹெச்.ஆர். மாதிரி பேசுற," என்று வைத்துவிட்டாள்.

3

இந்த இளம்பரிதி மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு பெருந்தன்மையாக ஒருத்தன் இருப்பானா? வேலையை விட்டுவிட்டுப் படி என்று அவளைத் தள்ளியதே இவன்தான். அது உண்மை. (நுழைவுத் தேர்வில் அவள் பாஸான அன்று இவன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உண்மை.) அதே கம்பெனியில் அவள் ஸ்டோர்ஸில் இருந்தபோது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து போனார்கள். வாலாஜாபாத் சாலையில் பஸ் ஏறியதுமே அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். இப்போது அந்த சீட்டில் பையை வைத்துக்கொண்டு போகிறான். யாராவது உட்காரக் கேட்டால் எரிச்சல் வருகிறது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டிக்கு ஏங்குகிறானே என்று சிரிக்காதீர்கள். காலையில் கண் விழித்தால் தலையணையில் அவள் தலை எண்ணெய் வாசனை இருக்கிறது, அவள் இல்லை.

4

முடிவு ஒன்று: ஆம் என்று போடுகிறாள். புனே போகிறாள். அவனும் கூடப் போய், இந்தி கற்றுக்கொண்டு, ஏதோ ஒரு லைனில் முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். லைன் லீடர் ஆக இங்கே அவனுக்கு ஆறு வருஷம் பிடித்தது.

முடிவு இரண்டு: இல்லை என்று போடுகிறாள். பத்து வருஷம் கழித்து ஏதோ சண்டையில் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். [அடித்தது: அப்போது அவன்] சேச்சே, ஷாரோன் சொல்லிக்காட்டவே மாட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

முடிவு மூன்று:

[அடித்தது: போகாதே. — இளம்பரிதி]

5

எங்கள் கம்பெனி ரிஜிஸ்டரில் தப்பாக எழுதினால் கிறுக்கி மறைக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது என்னவென்று அடுத்த ஷிப்ட் ஆள் படிக்க முடிய வேண்டும். ஸ்டோர்ஸில் மூன்று வருஷம் இருந்தவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மணி ஒன்று. பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். இந்த மாதிரிக் கதையை முடிக்கத் தெரியாதவர்கள் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு இருப்பதே ஒரு வாசகி, ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவாள்.

ஷாரோன், மற்ற வரிகளைக் கதை சரியாக வரவில்லை என்று அடித்தேன், அதற்கெல்லாம் கையெழுத்து இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் போட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்க ஆசைப்பட்டது அது. கேட்கக் கூடாது என்றுதான் கோடு. இரண்டையும் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்பு.