ராணியின் சம்போ

அருங்காட்சியகத்தில் விளக்க அட்டைக்கு நானூறு எழுத்துதான் கணக்கு. அதற்குள் பதினேழாம் நூற்றாண்டில் எங்கள் நாட்டை ஆண்ட கிறிஸ்டினா ராணியின் மனதைச் சொல்லிவிட வேண்டும். ராணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முடியைத் துறந்து நாட்டைவிட்டே போனார். அரசவைப் பெண் ஒருத்திக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். இவ்வளவும் தெரியும். அந்தப் பெண் அவருக்கு யார் என்பதுதான் தெரியாது. பெண்கள் ஒரே கட்டிலில் படுப்பதும், அன்பைக் கொட்டி எழுதுவதும் அந்தக் காலத்தில் சாதாரணம்.

என்னோடு வேலை பார்க்கும் துவா எழுதிக் கொடுத்த அட்டையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி இது, 'ராணியின் சம்போ'ன்னு போட்டிருக்க?"

கல்யாணம் செய்யாமல் சேர்ந்து குடும்பம் நடத்தும் துணையைத்தான் எங்கள் நாட்டில் சம்போ என்போம். சட்டத்திலேயே இருக்கிற சொல். ஆனால் நேற்று முளைத்த சொல்.

"ஐயோ! தோழின்னு அடிச்சதாத்தான் நெனச்சேன்."

"ரெண்டு பேரும் ஒரே விலாசம்னு ராணி ஆபீசுல வந்து பதிஞ்சிட்டுப் போனாங்களா?"

துவா சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா அந்த வார்த்தைதான் தலைக்குள்ள ஓடுது, ராக்னில்ட்."

சனிக்கிழமை கண்காட்சித் திறப்புக்கு அவளுடைய அப்பா ஹில்டிங் வருகிறார். துவாவோடு வாழும் மாலினை, வீட்டில் ஓர் அறையில் வாடகைக்குக் குடியிருப்பவள் என்றே அவரிடம் ஒன்றரை வருஷமாகச் சொல்லி வைத்திருந்தாள். இன்னொரு தடவை அப்படிச் சொன்னால் தன் ஊரான யேவ்லேவுக்கே போய்விடுவதாக மாலின் முந்தாநாள் காலையில் சொல்லிவிட்டாளாம்.

"சண்டை போடல, அழல. துணி மடிச்சுக்கிட்டே சொன்னா. அதான் பயமா இருக்கு."

நான் அட்டையைத் திருத்தினேன்: 'காதலியா, தோழியா? நமக்குத் தெரியாது.'

சனிக்கிழமை ஹில்டிங் அதைக் குனிந்து இரண்டு முறை படித்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தனை பேர் சம்பளம் வாங்குறீங்க?"

"அவங்களே சொல்லிட்டுப் போகலையே, அப்பா."

"ராணிக்கு என்ன பயம்? சொன்னா யாரு கேக்கப் போறா?"

"கேக்க மாட்டாங்க. ஒரு மாதிரி பாப்பாங்க."

அப்போது மாலின் இரண்டு கோப்பைக் காப்பியோடு வந்தாள். ஹில்டிங் முகம் மலர்ந்தார். "அடடே, நம்ம வீட்டுல குடியிருக்கிற பொண்ணு!"

மாலின் அவரைப் பார்க்கவில்லை. துவாவைப் பார்த்தாள்.

"குடியிருக்கிறவ இல்லப்பா. மாலின் என் சம்போ."

தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொல்லிவிட்டாள். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியருகே நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹில்டிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"அப்போ, இந்தப் பொண்ணு ரூமுக்குன்னு நான் வந்து மாட்டுன பூட்டு?"

"அந்த ரூமுக்குள்ள சைக்கிள்தான் இருக்கு, ஹில்டிங்," என்றாள் மாலின். "பத்திரமா இருக்கு."

"ஒரு நாள் பூரா முதுகு ஒடிஞ்சுது எனக்கு," என்று முணுமுணுத்தபடி அவள் நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால், மகளுக்குப் பக்கத்தில் அவள் நிற்பதற்காக ஓரடி நகர்ந்துகொண்டார்.