ஒரே நம்பரில் நான்கு பேர்

ஆவடித் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற இராமகிருஷ்ணன், மகன் ராகவனோடு ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடிக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் அங்கே குடியிருப்பவர்களில் ஒருவரையும் மதிக்கவில்லை. லிஃப்டுக்குள் பக்கத்தில் நிற்பவனுக்கே போனில் செய்தி அனுப்புகிறவர்களை எப்படி மதிப்பது?

அந்த ஜூன் மாதம் கொரோனா ஊசிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தால் அரசுத் தளத்தில் போன் நம்பரைப் பதிந்துதான் இடம் பிடிக்க வேண்டும். பதிவு திறந்த இரண்டு நிமிடத்தில் எல்லாம் காலி. குடியிருப்போர் சங்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைப் பிடித்து ஞாயிறன்று வளாகத்திலேயே முகாம் வைத்தது. குடியிருப்பவர்களுக்கு மட்டும். அதே கையோடு வாசலில் ஒரு நோட்டீஸையும் ஒட்டியது: ஊசி போடாத வேலையாட்களுக்கு அடுத்த திங்கள் முதல் உள்ளே அனுமதி இல்லை.

வீட்டு வேலை செய்யும் கஸ்தூரி, வாட்ச்மேன் இருதயராஜ், துணி தேய்க்கும் ஜமீலா மூவரும் அந்த நோட்டீஸின் முன்னால் நின்றதை இராமகிருஷ்ணன் பார்த்தார். மூவருக்கும் நாற்பத்தைந்து ஆகவில்லை. கஸ்தூரிக்கு இந்த வளாகத்தில் நாலு வீடு. நாலும் போனால் அடுப்பெரியாது. ஒரு போன் நம்பரில் நான்கு பேரைப் பதியலாம். அவர் நம்பரில் அவர் ஒருவர்தான்.

"மீதி மூணு இடம் உங்களுக்கு. நான் சொல்லிட்டேன்," என்றார். ஆதார் நகல்களை வாங்கி ராகவனிடம் கொடுத்தார்.

புதன் மாலை அவர் போனுக்குச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை, கரையான்சாவடியில் ஒரு பள்ளிக்கூடம், மூன்று பேருக்கு இடம் உறுதி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களைப் படித்தார். ராகவன், நிவேதிதா, விஷால். மகன், மருமகள், கூடவே தங்கியிருக்கும் மருமகளின் தம்பி. மூவருக்கும் ஞாயிறு முகாமில் ஏற்கெனவே இடம் இருந்தது.

ராகவன் அறைக்குள் மடிக்கணினி முன்னால் பேசிக்கொண்டிருந்தான். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி நியாயமாகக் கிடைப்பது பற்றி அவன் கம்பெனி நடத்திய கூட்டம். பணக்கார நாடுகள் தங்கள் ஜனத்தொகைக்கு மேல் பல மடங்கு ஊசியை மடக்கிப் போட்டுவிட்டன, ஆப்பிரிக்காவில் நர்சுக்குக்கூடக் கிடைக்கவில்லை என்று குரல் கரகரக்கச் சொன்னான். மேலே ஜமீலா தேய்த்த சட்டை, கீழே அரை டிராயர். இராமகிருஷ்ணன் கதவோரம் நின்று முழுவதையும் கேட்டார். பேச்சில் ஒரு பிழை இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் போனை நீட்டினார். ராகவன் தடுமாறவே இல்லை. முகாமுக்கு ஆதாரைக் காட்டிப் பதிந்தது, இதற்குப் பாஸ்போர்ட்டைக் காட்டி. இரண்டும் வேறு வேறு ஊசி. எதை வெளிநாட்டில் ஏற்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு ஒன்றை விட்டுவிடுவோம் என்று விளக்கினான். எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றான். கஸ்தூரிக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

"ஆப்பிரிக்கா தூரத்துல இருக்கு, அதனால உனக்கு ஈரம் சுரக்குது. நம்ம எச்சில் தட்டைக் கழுவுறவ பக்கத்துல இருக்கா, கண்ணுக்குத் தெரியல. நான் வார்த்தை குடுத்த இடம்டா அது."

"அப்பா, நீங்க இதைப் பெருசாக்காதீங்க."

"நீதான் சிறுசாயிட்ட."

முடிவை அவரே சொன்னார். ராகவன், நிவேதிதா, விஷால் மூவரும் வெள்ளிக்கிழமை கரையான்சாவடிக்குப் போக வேண்டியது. வெளிநாட்டுக்காரன் ஏற்கிறானா இல்லையா என்பது அவன் பாடு. ஞாயிறு இடங்கள் கீழே நிற்பவர்களுக்கு. சங்கத் தலைவர் ரவிச்சந்திரனைப் போனில் கூப்பிட்டபோது அவர் விதி, தீர்மானம் என்று இழுத்தார். எந்தெந்த வீட்டில் யார் யார் இரண்டு இடத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று விசாரித்து உங்கள் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டட்டுமா என்று இராமகிருஷ்ணன் கேட்டார். தலைவருக்கு விதி மறந்துபோனது.

கீழே போனபோது கஸ்தூரி வேலையை முடித்துவிட்டு வாசல் கேட் அருகே இருதயராஜோடு நின்றிருந்தாள். அவர் எதையும் பூசி மெழுகவில்லை. உங்கள் இடத்தை என் மகன் எடுத்துக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கும் இங்கேயே ஊசி என்றார். நன்றி சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தார் போலும்.

"தெரியும் சார். திங்கக்கெயமையே உங்க மருமக ஆதார் ஜெராக்ஸ திருப்பிக் குடுத்துட்சி. உங்க கைல சொன்னா ஊட்ல சண்டை ஆவும்னு கம்முனு கீறேன்."

இரண்டு நாளாக இவள் எதிரில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தது அவருக்கு நினைவு வந்தது. காது மடல் சுட்டது.

"இப்பவும் வாயாலதான் சொல்றீங்க. ஒரு பேப்பர்ல எய்திக் குடுத்துடுங்க சார். அன்னிக்கு எவனாச்சும் நிறுத்துனா காட்டணும்ல."

இருதயராஜ் சாலையில் போகும் பஸ்ஸைப் பார்க்கத் தொடங்கினான்.

இராமகிருஷ்ணன் அவனிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினார். மூன்று பெயர்களையும் எழுதி, தன் வீட்டு எண்ணையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார். கஸ்தூரி விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். தாளைத் திருப்பி அவரிடமே நீட்டினாள்.

"தேதி போடலியே சார்."

போட்டார்.