முதலாளியின் காதளவு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘சாரி மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். விலை குறைந்த இயர்போன்களைச் செய்து விற்கும் கம்பெனி அது. வாங்கியவர்கள் திட்டுவதற்கு வசதியாக டப்பாவின் பின்பக்கம் ஒரு தொலைபேசி எண் அச்சடித்திருந்தார்கள். அந்த எண் மணியடித்தால் எடுப்பது அவள் வேலை. எடுத்ததும் சாரி சொல்ல வேண்டும், என்ன விஷயம் என்று கேட்க வேண்டும், கேட்டு முடித்ததும் மறுபடி சாரி சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு சாரியையும் மனதாரத்தான் சொன்னாள். போகப்போக அது கொட்டாவி மாதிரி தானாக வர ஆரம்பித்தது. வீட்டில் கணவன் தண்ணீர் கேட்டால்கூட ‘சாரி சார், ஒரு நிமிஷம்’ என்றாள். அவனுக்கு அது பிடித்திருந்ததால் திருத்தவில்லை.

வந்த புகார்களில் முக்கால்வாசி ஒன்றேதான்: காதில் நிற்கவில்லை. பேருந்தில் ஏறும்போது விழுகிறது, காய் நறுக்கக் குனிந்தால் விழுகிறது, தும்மினால் இரண்டும் சேர்ந்து விழுகிறது. ஒருவர் பிளாஸ்திரி போட்டு ஒட்டியதாகவும், பிரிக்கும்போது காதோர முடியும் கூடவே வந்துவிட்டதாகவும் சொன்னார். மீதிப் புகார்கள் சத்தத்தைப் பற்றியவை. பாட்டில் ‘ச’ வருகிற இடமெல்லாம் காதுக்குள் ஊசி இறங்குகிறது, மத்தளம் வாசித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கிறது என்றார்கள். செய்தி வாசிக்கிற பெண் தன்னைப் பார்த்துச் சீறுகிறாள் என்று வருத்தப்பட்டார் ஒருவர்.

இவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டிய பதிலை விற்பனை மேலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் முதலாளியின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. மேலாளர் ஆவதற்கு வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. ‘எங்கள் தயாரிப்பின் தரத்துக்கு ஏற்றபடி தங்கள் காது அமையாமல் போனதற்கு மிகவும் வருந்துகிறோம்’ என்பது அவர் எழுதிய பதில். அதைக் கேட்டதும் பலர் பேச வாயெழாமல் போனை வைத்துவிடுவார்கள். அவர்களை மச்சினன் திருப்தியடைந்த வாடிக்கையாளர்களாகச் சேர்த்துக்கொண்டார்.

இயர்போன் ஏன் நிற்பதில்லை என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் காரணமே அவருடைய காதுதான்.

முதலாளிக்குப் பெரிய காது. வெறும் பெரிது என்றால் பரவாயில்லை. துளை அகன்று, குழி ஆழமாக, யார் என்ன பேசினாலும் விட்டுவிடக் கூடாது என்பது போல முன்பக்கம் மடங்கியிருக்கும். புது மாடல் எது வந்தாலும் அந்தக் காதில் போட்டுப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்புவார். போட்டுக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டுவார், குதிப்பார், செருப்பைத் தேடுவது போலக் குனிவார். விழவில்லையென்றால் பாஸ். மற்ற கம்பெனிக்காரர்கள் முனையில் ரப்பர் வைக்கிறார்களே என்று வடிவமைப்பாளர் ஒருமுறை இழுத்தார். ஒழுங்கான காது இல்லாதவர்களுக்குத்தான் ரப்பர் தேவை என்று முதலாளி முடித்துவிட்டார். வடிவமைப்பாளர் தன் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

சத்தமும் அப்படியேதான். இளம் வயதில் அப்பாவின் தகரப் பட்டறையில் பெட்டி தட்டியவர் முதலாளி. அந்த இரைச்சலில் மெல்லிய, கூர்மையான ஒலிகளெல்லாம் அவர் காதை விட்டுப் போய்விட்டன. போனது அவருக்குத் தெரியாது. அதனால் எந்த மாடலைக் கேட்டாலும், “கொஞ்சம் மந்தமா இருக்கே, இன்னும் தெளிவு குடு” என்பார். அவருக்குத் தெளிவாகும்வரை கூட்டிக்கொண்டே போவார்கள். அதற்குள் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பல் கூசும்.

பிறகு மாடலை ஊழியர்களும் போட்டுப் பார்க்க வேண்டும். மச்சினன்தான் முதலில் போடுவார். கழுத்தை அசைக்காமல் தாடையை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்தித் தலையாட்டுவது போலக் காட்டும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. “பிரமாதம் அத்தான், ஒட்டிக்கிட்டு நிக்குது” என்பார். பின்னாலேயே மற்றவர்களும் தாடையை நகர்த்துவார்கள். சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தலையாட்டச் சொல்லித் தரவா வேண்டும்?

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மதியம் ஒரு கிழவர் கூப்பிட்டார். சாரி மேடம் எடுத்ததும் வழக்கம்போல சாரி சொன்னாள். எதிர்முனையில் ஊருக்கே கேட்கும்படியான குரல்.

“எதுக்கும்மா சாரி? நல்லாருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அவளுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. கொடுத்திருந்த பயிற்சியில் இது இல்லை. ராங் நம்பராக இருக்குமோ என்று நினைத்து, எந்தக் கம்பெனிப் பொருள், என்ன மாடல் என்று கேட்டாள். இந்தக் கம்பெனிதான், இந்த மாடல்தான். இத்தனை வருஷத்தில் எதை வாங்கினாலும் காதுக்குள் சோளப்பொரி போட்டது போல ஆடும், இது ஒன்றுதான் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்றார் கிழவர். அதோடு பாட்டில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கிறதாம். இதைச் செய்தவன் காதைப் பற்றித் தெரிந்தவன், அவனிடம் சொல்லிவிடு என்றார்.

அவள் போனை வைத்துவிட்டு, புகார்ப் பதிவேட்டில் இதை எங்கே எழுதுவது என்று தேடினாள். பிறகு மச்சினனிடம் போய்ச் சொன்னாள். மச்சினன் நம்பவில்லை. யாராவது கிண்டல் பண்ணியிருப்பார்கள் என்றார். கம்பெனிப் பொருளின் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனாலும் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. அந்தக் காதுக்குப் போகாமல் இருக்குமா?

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கூட்டம் போட்டார். ஒரு நல்ல காது ஆயிரம் ஓட்டைக் காதுக்குச் சமம் என்றார். அந்த மனிதரைக் காரில் அழைத்து வந்து, போட்டோ எடுத்து, டப்பாவின் முன்பக்கத்தில் போடப் போவதாக அறிவித்தார். அவர் பெயர், விவரமெல்லாம் வாங்கி வைக்கட்டுமா என்று சாரி மேடம் கேட்டாள்.

“பேரு எதுக்கும்மா? அந்தக் காதை நான் பாக்கணும்.”

விலாசத்தை மட்டும் சாரி மேடம் போனில் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். சொன்ன நாளில் கார் போய்க் கிழவரை அழைத்து வந்தது. கீழ்த்தளத்தில் போட்டோகிராபர் வெள்ளைத் திரை கட்டி, விளக்கு நிறுத்தி வைத்திருந்தார். ஊழியர்களெல்லாம் வேலையிருப்பது போலக் கையில் எதையாவது வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். கிழவர் சலவைச் சட்டை போட்டு, காதில் இயர்போனை மாட்டியபடியே இறங்கினார். வாசலில் வரவேற்க நின்ற மச்சினன் அவரைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனார். நீட்டிய பூங்கொத்தைத் தானே வாங்கிக்கொண்டு, போட்டோ இன்றைக்கு இல்லை, கேமரா ரிப்பேர், காரிலேயே திரும்பிப் போய்விடலாம் என்று குழறினார். போட்டோகிராபர் உள்ளேயிருந்து, தன் கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை என்று சத்தம் போட்டார்.

கிழவர் மச்சினனை உற்றுப் பார்த்தார். “நீ என் தம்பி பொண்டாட்டியோட தம்பிதானே?”

அதற்குள் முதலாளி மாடிப்படியில் இறங்கிவிட்டார். மேலேயே கண்ணாடி பார்த்துப் பழகிய சிரிப்பு முகத்தில் இருந்தது. கடைசிப் படிக்கு வந்ததும் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. வந்திருந்தவர் அவருடைய அண்ணன்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷமாகிறது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் நேரில் வந்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார் என்று தம்பிக்குக் கோபம். அழைத்தும் தம்பி வரவில்லை என்று அண்ணனுக்குக் கோபம். அந்த மகளின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கோபத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

“இது உன் கம்பெனியா?” என்றார் அண்ணன்.

“ஆமா.”

“தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்.”

“தெரிஞ்சிருந்தா வித்திருக்க மாட்டேன்.”

போட்டோகிராபருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் கேமராவுக்குள் கண்ணை வைத்தபடி, இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கும், காது இரண்டு பேருக்கும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கிறது என்றார். கூடியிருந்தவர்கள் அண்ணன் காதைப் பார்த்தார்கள், தம்பி காதைப் பார்த்தார்கள், பிறகு அவசரமாகத் தரையைப் பார்த்தார்கள்.

அண்ணன் இயர்போனைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷயம் அவருக்கு மெல்லப் பிடிபட்டது. “அப்பா காதுடா இது” என்றார். பிறகு சாரி மேடத்தைக் கூப்பிட்டு, இதைப் போட்டுக்கொள்ளம்மா என்றார். அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டாள். கையை எடுத்ததும் இரண்டும் கழன்று தோளில் தொங்கின. “சாரி சார்” என்றாள்.

அடுத்தது மச்சினன். அவர் மாட்டிக்கொண்டு தாடையை நகர்த்த ஆரம்பித்தார். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். “பல்லு வலியா மாப்ளே? தலைய ஆட்டு” என்றார். மச்சினன் தலையை ஆட்டினார். இயர்போன் போய்ப் போட்டோகிராபரின் விளக்கில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு கணக்கர், வடிவமைப்பாளர், கார் ஓட்டி வந்தவர் என்று ஒவ்வொருவராகப் போட்டார்கள். இந்த முறை எல்லோரும் நிஜமாகவே தலையை ஆட்டினார்கள். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வடிவமைப்பாளர் தேவைக்கு மேலேயே ஆட்டினார்.

முதலாளி ஒவ்வொன்றும் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், “இவங்க யாருக்குமே காது சரியில்ல” என்றார். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

“ஊருக்கே காது சரியில்ல, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் சரியா இருக்கா? யோசிச்சுப் பேசுடா.”

இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் முதலாளியை யாரும் ‘டா’ போட்டது கிடையாது. பேக்கிங் பிரிவில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் டேப் ரோலைக் கீழே போட்டாள். முதலாளிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இயர்போன் விஷயத்தை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குத் தாவினார். கூடப் பிறந்தவனைப் போனில் அழைத்தவனெல்லாம் தனக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்றார். குடும்பத்தோடு கட்டாயம் வா என்றுதானே சொன்னேன் என்றார் அண்ணன். முடிந்தால் வா என்றுதான் சொன்னாய் என்றார் தம்பி. தம்பி பதிலுக்கு ‘பாக்கலாம்’ என்று சொன்னதாக அண்ணன். ‘பாக்கியம்’ என்று சொன்னதாகத் தம்பி. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, ஆற்றின் அக்கரைக்குக் கூப்பிடுவது போலக் கத்தினார்கள்.

சாரி மேடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஒரே தகரப் பட்டறையில் காதைத் தொலைத்த இரண்டு பேர், கரகரக்கும் தொலைபேசி, கல்யாண வீட்டு இரைச்சல். இவர்களில் யார் எதைக் கேட்டிருக்க முடியும்? புகார் கேட்டுப் பழகிய வாய் தானாகத் திறந்துவிட்டது.

“சாரி சார். அன்னைக்கு லைன் சரியில்லாம இருந்திருக்கும். ரெண்டு பேருக்குமே ஒழுங்கா கேட்டிருக்காது. ரொம்ப சாரி.”

இரண்டு பேரும் திரும்பினார்கள். நான்கு பெரிய காதுகளும் அவளை நோக்கி நின்றன. வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். அண்ணன் அவளைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்துக்காக ஒரே ஒரு ஆள் மன்னிப்புக் கேட்டிருக்கிறது, அதுவும் வீட்டு ஆள் இல்லை என்றார். முதலாளி தொண்டையைச் செருமினார். அண்ணனுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். மன்னிப்புக் கேட்பதில் அவரால் அவ்வளவு தூரம்தான் போக முடிந்தது.

போட்டோ எடுக்கவில்லை. தனக்கு நன்றாக இருப்பது உண்மை, அதற்காக உலகத்துக்கே நன்றாக இருப்பதாகச் சிரிக்க மாட்டேன் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மதியம் மாடியில் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது அதிகம் பேசவில்லை என்று தட்டு எடுக்கப் போனவர் சொன்னார். ஆனால் தம்பி இரண்டாவது தடவை பரிமாறச் சொன்னது அண்ணனுக்காகத்தானாம்.

அடுத்த சில வாரங்களில் கம்பெனி ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தது. உலகத்தில் மற்ற எல்லோரும் எப்போதோ கண்டுபிடித்துவிட்ட ரப்பர் முனையை, சின்னது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் கண்டுபிடித்தது. இது தன் நெடுநாள் யோசனை என்று மச்சினன் கூட்டத்தில் விளக்கினார். வடிவமைப்பாளர் அதற்கும் தலையாட்டினார். சத்தத்தைக் குறைத்துக் காட்டியபோது முதலாளி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவது போலிருக்கிறது என்று முகம் சுளித்தார். சுற்றிலும் பார்த்தார். எல்லோருடைய முகமும் தெளிவாக இருந்தது. சரி, போங்கள் என்று கையெழுத்துப் போட்டார். தரம் போயிற்று என்று வீட்டில் மனைவியிடம் புலம்பியதாகக் கேள்வி.

புது மாடல் ஓரளவு விற்றது. காதில் நிற்கவில்லை என்ற புகார் குறைந்து, ஒயர் அறுந்துவிட்டது என்ற புகார் வர ஆரம்பித்தது. சாரி மேடத்துக்கு வேலை குறையவில்லை.

அண்ணன் மட்டும் வாரம் தவறாமல் புகார் எண்ணுக்கே கூப்பிட்டார். தம்பியின் சொந்த எண் வாங்கிக்கொள்ளக் கௌரவம் விடவில்லை. ஒயர் நன்றாக இருக்கிறது, சத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, “அவன் இருக்கானா?” என்பார். இருக்கிறார், கொடுக்கட்டுமா என்றால், வேண்டாம், சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிடுவார். முதலாளியும் அந்த நேரம் பார்த்து அவள் மேசைப் பக்கமாக நடந்து, இன்றைக்கு யாராவது கூப்பிட்டார்களா என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

சில வாரம் பார்த்தாள். ஒருநாள் கிழவர் “அவன் இருக்கானா” என்றதும், ஒன்றும் சொல்லாமல் லைனை முதலாளி அறைக்குத் தட்டிவிட்டாள். பிறகு கதவு சாத்தியிருந்த அறையிலிருந்து முதலாளியின் குரல் கீழ்த்தளம்வரை கேட்டது. பேக்கிங் பிரிவில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். என்னவோ ஏதோ என்று மச்சினன் ஓடி வந்தார்.

மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். தைலத்தின் பெயரை முதலாளி மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.